பள்ளத்தைக் காணோம்!

'சீன்ஃபீல்ட்' என்று ஒரு அமெரிக்க டி.வி. காமெடித் தொடர். 1997-ல் ஒளிபரப்பான அதன் எபிசோட் ஒன்றுக்குப் பெயரே 'தி பாட்ஹோல்', அதாவது ரோட்டுப் பள்ளம். ஜார்ஜ் என்பவர் பள்ளத்தில் சாவிக்கொத்தைத் தொலைத்துவிட்டு அல்லாடுவார். 2021 அக்டோபரில் நெட்ஃபிளிக்ஸில் இதைப் போட்டுப் பார்த்தால்... ஜார்ஜ் இருக்கிறார், ரோடு இருக்கிறது, பள்ளத்தைக் காணோம்! வடிவேலுவின் கிணறு மாதிரிதான்.

யார் தூக்கிக்கொண்டு போனது? உங்கள் வீட்டு அகல டி.வி.தான்!

கதை எடிசன் காலத்தில் ஆரம்பிக்கிறது. 1890-களின் தொடக்கத்தில் அவருடைய ஆய்வுக்கூடத்தில் டிக்சன் என்பவர், 35 மி.மீ. பிலிமில் ஒரு படத்துக்கு ஓரத்தில் நான்கு துளை என்று கணக்கு வைத்தார். அதில் விழுந்த படம் அகலம் 4 பங்கு, உயரம் 3 பங்கு. சினிமா அதைப் பிடித்துக்கொண்டது. பின்னால் வந்த டி.வி.யும் அப்படியே வாங்கிக்கொண்டது. வீட்டிலேயே படம் ஓடினால் தியேட்டருக்கு எவன் வருவான்? 1953-ல் ஃபாக்ஸ் கம்பெனி 'தி ரோப்' படத்தை சினிமாஸ்கோப்பில் இறக்கி, திரையை இழுத்து அகலமாக்கியது. டி.வி. மட்டும் பழைய 4:3-லேயே உட்கார்ந்திருந்தது, ஹெச்.டி. வந்து 16:9 ஆகும்வரை.

இங்கேதான் வம்பு. பழைய தொடரை முழுசாகக் காட்டினால் இரண்டு பக்கமும் கறுப்புப் பட்டை. 'கொடுத்த காசுக்குப் பாதி திரை காலியா?' என்பார் வாடிக்கையாளர். அதனால் மேலும் கீழும் நறுக்கிவிடுகிறார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள், படத்தில் கால்வாசி அவுட்! எந்த வியாபாரத்தில் இப்படிக் கால்வாசி சரக்கைக் குறைத்துவிட்டு, 'புதுப்பித்தது' என்று லேபிள் ஒட்ட முடியும்?

நறுக்காமல் இன்னொரு வழியும் உண்டு. பிலிமின் ஓரத்தில் மிச்சமிருக்கும் பகுதியையும் சேர்த்துக் காட்டுவது. 2014-ல் 'பஃபி' தொடருக்கு அப்படிச் செய்தார்கள். பேய்க்கதைக்கு நடுவே படப்பிடிப்புக் குழு ஆட்களும் விளக்குகளும் தரிசனம் தந்தார்கள்!

2019 நவம்பரில் டிஸ்னி பிளஸ்ஸில் 'தி சிம்ப்ஸன்ஸ்' வந்தபோது ரசிகர்கள் பொறுக்கவில்லை. 1993 எபிசோட் ஒன்றில் பீர் தொழிற்சாலையில் மூன்று தொட்டிகள். டஃப், டஃப் லைட், டஃப் டிரை என்று மூன்று பெயர்கள். மூன்றுக்கும் சரக்கு வருவது மேலே ஓடும் ஒரே குழாயிலிருந்து! ஜோக்கே அந்தக் குழாய்தான். அதைத்தான் கத்தரித்திருந்தார்கள். ரசிகர்கள் கூச்சல் போட்டதில் டிஸ்னி இறங்கிவந்தது. 2020 மே மாதம், பழைய அளவிலும் பார்க்கலாம் என்று வசதி செய்துகொடுத்தார்கள். தொட்டிகளுக்கு மேலே குழாய் பத்திரமாகத் திரும்பி வந்தது.