இரட்டை மதிப்பலகுப் பாடங்கள் (டெக்சஸ்)

இரட்டை மதிப்பலகுப் பாடங்கள் என்பவை, உயர்நிலைப் பள்ளி மாணவர் ஒருவர் பள்ளியில் இருக்கும்போதே பயின்று, பள்ளிச் சான்றிதழுக்கும் கல்லூரிப் பட்டத்துக்கும் ஒருசேரக் கணக்கில் கொள்ளக்கூடிய கல்லூரிப் பாடங்கள் ஆகும். ஐக்கிய அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலத்தில் இவை "டூயல் கிரெடிட்" என்ற பெயரில் அறியப்படுகின்றன. பிற மாநிலங்களில் இரட்டைச் சேர்க்கை, உடன்நிகழ் சேர்க்கை என்னும் பொருள் தரும் பெயர்களும் வழக்கில் உள்ளன. ஐக்கிய அமெரிக்காவில் உயர்நிலைப் பள்ளி என்பது 9 முதல் 12 ஆம் வகுப்பு வரையான நான்கு ஆண்டுகளைக் குறிக்கும்.

டெக்சசில் எல்லாக் கல்லூரிப் பாடங்களையும் இம்முறையில் பயில இயலாது. எந்த வகைப் பாடங்களை வழங்கலாம் என்பதை மாநிலச் சட்டம் வரையறுக்கிறது. ஆனால், அனுமதிக்கப்பட்ட பாடம் ஒன்று மாணவர் பின்னர் சேரும் பட்டப்படிப்பில் பயன்படும் என்பதற்குச் சட்டத்தில் பொதுவான உறுதி இல்லை. எனவே பாடத் தேர்வே இம்முறையின் பயனைப் பெரிதும் முடிவு செய்கிறது.

வரலாறு

பள்ளி மாணவர்களுக்குக் கல்லூரிப் பாடம் வழங்கும் முறை ஐக்கிய அமெரிக்காவில் நெடுங்காலமாக உள்ளது. கனெக்டிகட் பல்கலைக்கழகம் 1955 ஆம் ஆண்டில் இத்தகைய திட்டத்தைத் தொடங்கியது. சிரக்கியூஸ் பல்கலைக்கழகத்தின் திட்டம் 1972 இல் உருவானது. 1985 இல் மினசோட்டா மாநிலம், பள்ளி மாணவர்கள் அரசுச் செலவில் கல்லூரியில் பயில வழிவகுக்கும் சட்டத்தை இயற்றியது. வாசிங்டன் மாநிலம் 1990 இல் இதையொத்த திட்டம் ஒன்றை ஏற்றது. 2022-23 கல்வியாண்டில் நாடு முழுவதும் சுமார் 25 இலட்சம் பள்ளி மாணவர்கள் குறைந்தது ஒரு கல்லூரிப் பாடத்தையேனும் பயின்றனர்.

டெக்சசில் முன்னர் 11, 12 ஆம் வகுப்பு மாணவர்கள் மட்டுமே, ஒரு பருவத்துக்குப் பொதுவாக இரண்டு பாடங்கள் வரை எடுக்க முடிந்தது. 2015 இல் நிறைவேறிய பிரதிநிதிகள் அவை மசோதா 505 வகுப்பு வரம்பையும் எண்ணிக்கை வரம்பையும் நீக்கியது. இதன்பின் 9 ஆம் வகுப்பு மாணவரும் தகுதி பெற்றால் சேரலாம் என்ற நிலை ஏற்பட்டது. பட்டத்துக்கு உதவாத பாடங்களில் மாணவர்கள் சேருவதைக் கட்டுப்படுத்தும் வகையில், 2017 இல் செனட் மசோதா 1091 பாட வகைகளை வரையறுத்தது.

மதிப்பலகுகளும் பாட எண்களும்

பள்ளியும் கல்லூரியும் வெவ்வேறு அளவுகோல்களைப் பயன்படுத்துகின்றன. பள்ளியில் ஓராண்டுப் பாடம் 1 மதிப்பலகும், அரையாண்டுப் பாடம் 0.5 மதிப்பலகும் பெறும். டெக்சசில் பள்ளிப் படிப்பை அடிப்படைத் திட்டத்தில் முடிக்க 22 மதிப்பலகுகளும், ஏதேனும் ஒரு துறையில் கூடுதல் பாடங்களுடன் முடிக்க 26 மதிப்பலகுகளும் தேவை. கல்லூரியில் பாடங்கள் பருவ அலகுகளால் அளக்கப்படுகின்றன. வழக்கமான ஒரு பாடம் 3 அலகுகள் கொண்டது. இளநிலைப் பட்டத்துக்குப் பொதுவாக 120 அலகுகள் வேண்டும்.

டெக்சஸ் அரசுக் கல்லூரிகள் தமக்குள் பொதுவான பாட எண் முறை ஒன்றைப் பின்பற்றுகின்றன. நான்கு இலக்கங்களில் முதலாவது பாடத்தின் ஆண்டு நிலையையும், இரண்டாவது அலகு எண்ணிக்கையையும் காட்டும். இறுதி இரண்டு இலக்கங்கள் பாடத்தை வேறுபடுத்தும். எடுத்துக்காட்டாக, ஆங்கிலம் 1301 என்பது முதலாண்டு நிலையில் 3 அலகுகள் கொண்ட பாடம். கணிதம் 2413 என்பது இரண்டாம் ஆண்டு நிலையில் 4 அலகுகள் கொண்ட பாடம். எண்கள் ஒன்றாக இருந்தால் மாநிலத்தின் வேறொரு அரசுக் கல்லூரியிலும் அது அதே பாடமாகக் கருதப்படும்.

அனுமதிக்கப்படும் பாடங்கள்

2017 ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி இரட்டை மதிப்பலகுப் பாடங்கள் பின்வரும் வகைகளில் அடங்க வேண்டும்.

1. கல்லூரியின் பொது அடிப்படைப் பாடத்திட்டத்தில் உள்ள பாடங்கள்
2. தொழிற்கல்விப் பாடங்கள்
3. பிறமொழிப் பாடங்கள்

பள்ளிப் படிப்புடன் இரண்டாண்டுக் கல்லூரிப் பட்டத்தையும் இணைத்து வழங்கும் முன்கூட்டிய கல்லூரிப் பள்ளிகளுக்கு இவ்வரையறையிலிருந்து விலக்கு உண்டு. அங்கு மாணவர்கள் 60 அலகுகள் வரை பெற வாய்ப்புள்ளது. கல்லூரிக்கு ஆயத்தமாகாதோருக்கான அடிப்படைத் திருத்தப் பாடங்களை எந்தப் பள்ளியிலும் இரட்டை மதிப்பலகுக்கு வழங்க முடியாது.

பொது அடிப்படைப் பாடங்கள்

டெக்சஸ் அரசுக் கல்லூரிகளில் இளநிலைப் பட்டம் பெறும் ஒவ்வொருவரும் 42 அலகுகள் கொண்ட பொது அடிப்படைப் பாடத்திட்டத்தை முடிக்க வேண்டும். அதன் பகுப்பு வருமாறு:

- தொடர்பாடல்: 6
- கணிதம்: 3
- உயிர் மற்றும் இயல் அறிவியல்: 6
- மொழி, மெய்யியல், பண்பாடு: 3
- கவின் கலைகள்: 3
- அமெரிக்க வரலாறு: 6
- அரசும் அரசியலும்: 6
- சமூக, நடத்தை அறிவியல்: 3
- கல்லூரி தெரிவு செய்யும் பகுதி: 6

இவற்றுள் வரலாற்றுக்குரிய 6 அலகுகளும் அரசியலுக்குரிய 6 அலகுகளும் மாநிலக் கல்விச் சட்டத்தாலேயே கட்டாயமாக்கப்பட்டவை. எந்தத் துறையில் பட்டம் பெறுவோரும் இவற்றைப் படித்தாக வேண்டும். துறையை இன்னும் முடிவு செய்யாத மாணவருக்கு இவை இழப்பு வாய்ப்புக் குறைந்த பாடங்கள் ஆகும்.

பள்ளிப் பாடங்களுக்கு ஈடு

எந்தக் கல்லூரிப் பாடம் எந்தப் பள்ளிப் பாடத்துக்கு ஈடாகும் என்பது பள்ளி மாவட்டமும் கல்லூரியும் செய்துகொள்ளும் ஒப்பந்தத்தில் குறிக்கப்படும். பரவலாகக் காணப்படும் ஈடுகள்:

- ஆங்கிலம் 1301, 1302 (கட்டுரையாக்கம்): 12 ஆம் வகுப்பு ஆங்கிலம், 1 மதிப்பலகு
- வரலாறு 1301, 1302 (ஐக்கிய அமெரிக்க வரலாறு): பள்ளி அமெரிக்க வரலாறு, 1 மதிப்பலகு
- அரசியல் 2305 (கூட்டரசு): பள்ளி அமெரிக்க அரசு, 0.5 மதிப்பலகு
- பொருளியல் 2301 (பேரியல் பொருளியல்): பள்ளிப் பொருளியல், 0.5 மதிப்பலகு
- உளவியல் 2301 (பொது உளவியல்): விருப்பப் பாடம், 0.5 மதிப்பலகு

கல்லூரிப் பாடங்களில் வாசிப்பும் எழுத்துப் பணியும் விரைவாக நடைபெறும்.

தொழிற்கல்விப் பாடங்கள்

பற்றவைப்பு, தானுந்து பழுதுபார்ப்பு, செவிலியர் உதவி, குளிர்பதனம், கணினி வலையமைப்பு போன்றவை இவ்வகையில் அடங்கும். மாநிலம் தொகுத்துள்ள தொழிற்கல்விப் பாடக் கையேட்டின் அடிப்படையில் இவை அமைகின்றன. 15 முதல் 42 அலகுகள் கொண்ட முதல் நிலைச் சான்றிதழைச் சில மாணவர்கள் பள்ளியை முடிக்கும்போதே பெற்றுவிடுகின்றனர்.

உடனடியாக வேலைக்குச் செல்ல விரும்புவோருக்கு இப்பாடங்கள் நேரடியாகப் பயன்படும். எனினும் இவை பொது அடிப்படைப் பாடத்திட்டத்தில் சேராதவை. நான்காண்டுப் பட்டத்துக்குச் செல்பவர்க்கு இவற்றின் அலகுகள் பெரும்பாலும் பயன்படுவதில்லை. பயன்முறை அறிவியல் சார்ந்த சில இளநிலைப் பட்டங்கள் மட்டும் தொழிற்கல்வி அலகுகளைத் தொகுப்பாக ஏற்கின்றன.

தகுதி

மாணவர் கல்லூரி நிலைப் பாடத்துக்கு ஆயத்தமானவர் என்று காட்ட வேண்டும். இதற்கு டெக்சஸ் வெற்றி முனைப்பு மதிப்பீடு என்ற தேர்வு நடத்தப்படுகிறது. இதன் இரண்டாம் பதிப்பு 2021 சனவரியில் நடைமுறைக்கு வந்தது. வாசிப்பு, எழுத்து, கணிதம் ஆகிய திறன்களில் எடுக்கவிருக்கும் பாடத்துக்குத் தேவையானதில் தேர்ச்சி பெற வேண்டும். எஸ்ஏடி, ஏசிடி போன்ற தேர்வுகளில் குறிப்பிட்ட மதிப்பெண் பெற்றவர்களுக்கு விலக்கு அளிக்கப்படும். முதல் நிலைச் சான்றிதழுக்கான தொழிற்கல்விப் பாடங்களுக்கு இத்தேர்வு தேவையில்லை.

கற்பிப்போரும் இடமும்

பாடம் பள்ளி வளாகத்திலோ, கல்லூரி வளாகத்திலோ, இணையவழியிலோ நடைபெறலாம். பள்ளி ஆசிரியரே கற்பித்தாலும் அவர் கல்லூரி ஆசிரியருக்குரிய தகுதியைப் பெற்றிருக்க வேண்டும். பொதுக்கல்விப் பாடங்களுக்கு முதுநிலைப் பட்டமும், கற்பிக்கும் துறையில் 18 முதுநிலை அலகுகளும் வழக்கமான தகுதியாகும். இத்தகுதியுள்ள ஆசிரியர்கள் சிறிய ஊர்களில் அரிதாகக் கிடைப்பதால் அங்குள்ள பள்ளிகள் இணையவழிப் பாடங்களை நாடுகின்றன.

கட்டணம்

கட்டணம் கல்லூரிக்குக் கல்லூரி மாறுபடும். சில இடங்களில் பள்ளி மாவட்டமும் சில இடங்களில் பெற்றோரும் செலுத்துகின்றனர். 2023 இல் நிறைவேறிய பிரதிநிதிகள் அவை மசோதா 8 மூலம் நிதியுதவித் திட்டம் ஒன்று உருவாக்கப்பட்டது. இலவச அல்லது குறைந்த விலை மதிய உணவுக்குத் தகுதி பெற்ற மாணவர்கள், இத்திட்டத்தில் இணைந்த கல்லூரிகளில் கட்டணமின்றிப் பயிலலாம். இத்திட்டத்தில் எல்லாக் கல்லூரிகளும் இணைய வேண்டும் என்ற கட்டாயம் இல்லை.

அலகு ஏற்பும் பட்டத்தில் பயன்பாடும்

ஓர் அலகு ஏற்கப்படுவதும் அது பட்டத்துக்குக் கணக்கிடப்படுவதும் வேறுவேறு. பல்கலைக்கழகம் மாணவரின் அலகை ஏற்றுப் பதிவு செய்யும். ஆனால் அவர் சேர்ந்த பட்டத் திட்டத்தில் அப்பாடத்துக்கு இடமில்லையெனில் அது வெறும் உபரியாக நிற்கும். இவ்வேறுபாடு அறியாமல், பல அலகுகளுடன் நுழையும் மாணவர் எதிர்பார்த்த அளவுக்குக் காலத்தையும் பணத்தையும் சேமிக்க இயலாமல் போகலாம்.

- பொறியியல்: பொறியியல் பட்டத் திட்டங்களின் கணிதம் நுண்கணிதம் 2413 இலிருந்து தொடங்குகிறது. கல்லூரி இயற்கணிதம் எனப்படும் கணிதம் 1314 முன்னறிவாக உதவும். பட்டத்தில் பொதுவாகக் கணக்கிடப்படாது.
- உயிரியலும் மருத்துவமும்: உயிரியல் 1406 இத்துறை மாணவர்களுக்கானது. உயிரியல் 1408 பிற துறையினருக்கானது. இரண்டும் 4 அலகுகள் கொண்டவையாயினும் ஒன்றுக்கு மற்றொன்று ஈடாகாது.
- கலை, மானிடவியல்: இத்துறைகள் பலவற்றில் கணிதம் 1314 பொது அடிப்படைப் பாடத்தின் கணிதத் தேவையை நிறைவு செய்யும்.

42 அலகுகளையும் முழுமையாக முடித்தவரின் பொது அடிப்படைப் பாடத்திட்டத்தை மாநிலத்தின் பிற அரசுக் கல்லூரிகள் ஒரே தொகுப்பாக ஏற்க வேண்டும் என்பது விதி. தனியார் பல்கலைக்கழகங்களுக்கும் வெளிமாநிலப் பல்கலைக்கழகங்களுக்கும் இவ்விதி பொருந்தாது. பள்ளிச் சான்றிதழுக்குக் கணக்கிடப்பட்ட பாடத்தை மீண்டும் பட்டத்துக்கு ஏற்பதில்லை எனச் சில தனியார் பல்கலைக்கழகங்கள் கொள்கை வகுத்துள்ளன. டெக்சஸ் அரசைப் பற்றிய அரசியல் 2306 போன்ற பாடத்துக்கு வேறு மாநிலங்களில் நேர் ஈடு கிடைப்பது அரிது.

2019 இல் நிறைவேறிய செனட் மசோதா 25, 15 அலகுகளோ அதற்கு மேலோ பெற்ற இரட்டை மதிப்பலகு மாணவர், குறித்த காலத்துக்குள் பட்டத் திட்டம் ஒன்றைக் கல்லூரியில் பதிவு செய்ய வேண்டும் என்று கூறுகிறது.

மதிப்பெண் ஆவணம்

இப்பாடங்களில் பெறும் தரம் மாணவரின் நிலையான கல்லூரி ஆவணத்தில் இடம்பெறும். இடையில் விலகினால் விலகல் குறியும் பதியப்படும். கல்லூரியில் சேர்ந்தபின் நிதியுதவிக்கான முன்னேற்றத்தைக் கணக்கிடும்போது இவையும் கருத்தில் கொள்ளப்படலாம். மருத்துவக் கல்லூரி விண்ணப்பங்களில், பள்ளிக் காலத்தில் பயின்றவை உட்பட எல்லாக் கல்லூரிப் பாடங்களின் தரங்களையும் தெரிவிக்க வேண்டும். 14 அல்லது 15 வயதில் பெற்ற குறைந்த தரம் ஒன்று பல ஆண்டுகள் கழித்தும் உடன்வரும் என்பதால், எண்ணிக்கையைக் கூட்டுவதைவிட ஆயத்தமான பாடத்தை எடுப்பது நன்மை தரும்.

பள்ளித் தர வரிசையிலும் இப்பாடங்களுக்குப் பல மாவட்டங்கள் கூடுதல் எடை தருகின்றன. 1997 ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி பள்ளியின் முதல் பத்து விழுக்காட்டினர் மாநிலப் பல்கலைக்கழகங்களில் தாமாகவே இடம் பெறுவதால் இந்த எடை முக்கியத்துவம் பெறுகிறது. ஆஸ்டினில் உள்ள டெக்சஸ் பல்கலைக்கழகம் மட்டும் இதைவிடக் குறைந்த விழுக்காட்டைப் பின்பற்றுகிறது.

ஒத்த பிற முறைகள்

- முன்னேறிய நிலைப் பாடங்கள்: கல்லூரி வாரியம் நடத்தும் ஏபி பாடங்களில் கல்லூரி அலகு மே மாதத் தேர்வில் பெறும் 1 முதல் 5 வரையான மதிப்பெண்ணைப் பொறுத்தது. மதிப்பெண் குறைந்தால் கல்லூரி ஆவணத்தில் எதுவும் பதியாது. இரட்டை மதிப்பலகில் பருவம் முழுவதும் செய்த பணியே தரத்தை முடிவு செய்யும்.
- ஆன்ராம்ப்ஸ்: ஆஸ்டினில் உள்ள டெக்சஸ் பல்கலைக்கழகம் 2011 இல் தொடங்கிய திட்டம். பள்ளித் தரமும் கல்லூரித் தரமும் தனித்தனியே வழங்கப்படும். கல்லூரித் தரத்தை ஏற்பதா மறுப்பதா என்பதை மாணவரே முடிவு செய்யலாம்.

மாணவர் அறிய வேண்டியவை

பாடத்தில் சேருமுன் பின்வருவனவற்றைப் பள்ளி ஆலோசகரிடமும், சேர விரும்பும் பல்கலைக்கழகத்திடமும் கேட்டறிவது வழக்கம்.

- பாடம் பொது அடிப்படைப் பாடத்திட்டத்தின் எந்தப் பகுதியில் அடங்குகிறது
- விரும்பும் பட்டத் திட்டத்தில் அப்பாட எண் இடம்பெற்றுள்ளதா
- பள்ளியின் எந்தப் பாடத்துக்கு அது ஈடாகிறது
- தரக்குறைவின்றி விலகுவதற்கான இறுதி நாள் எது
- கட்டணத்தையும் பாடநூல் செலவையும் யார் ஏற்கின்றனர்

இவற்றையும் பார்க்கவும்

- சமுதாயக் கல்லூரி
- ஐக்கிய அமெரிக்காவில் கல்வி
- முன்கூட்டிய கல்லூரிப் பள்ளி