கொத்தனாரின் ஆறு பென்ஸ்: ஏழு நூற்றாண்டு மெய்க்கூலிக் கணக்கு

உழைப்பவர் கையில் விழும் காசைப் பணக்கூலி என்றும், அக்காசு சந்தையில் வாங்கித் தரும் பண்டத்தின் அளவை மெய்க்கூலி என்றும் பொருளியலார் பிரித்துக் கூறுவர். இவ்விரண்டும் எவ்வளவு தூரம் விலகிச் செல்லக்கூடும் என்பதை, ஹென்றி ஃபெல்ப்ஸ் பிரௌனும் ஷீலா ஹாப்கின்ஸும் 1955, 1956 ஆகிய ஆண்டுகளில் ‘எக்கனாமிக்கா’ ஆய்விதழில் வெளியிட்ட இரு கட்டுரைகள் காட்டின. தென் இங்கிலாந்தின் கட்டட வேலையாட்கள் 13ஆம் நூற்றாண்டு முதல் பெற்றுவந்த நாட்கூலியைத் திரட்டி, அதை அவ்வக்காலத்து விலைவாசியால் வகுத்து, ஒரே வரிசையான குறியீட்டெண்ணாக அவர்கள் அமைத்தனர்.

குறியீட்டெண் என்பது ஒரு காலத்தை 100 எனக் கொண்டு மற்றக் காலங்களை அதனோடு ஒப்பிடும் எண்; இங்கே அந்த அடிப்படைக் காலம் 1451 முதல் 1475 வரை. விலைவாசியை அளக்க ஒரு குடும்பம் வாங்கும் பண்டங்களைக் கூடையாகக் கொண்டு, ஒவ்வொன்றுக்கும் செலவில் அதற்குரிய பங்கைக் கொடுத்தனர். உணவுக்கும் பானத்துக்கும் 80 பங்கு, துணிக்கு 12.5, எரிபொருளுக்கும் விளக்குக்கும் 7.5 என்று அமைந்த அக்கூடையில் பானத்துக்கு மட்டும் 22.5 பங்கு இருந்தது, மால்ட் பியர் அன்றாட உணவாகவே கருதப்பட்ட நாட்டில் வியப்புக்குரியதன்று. வீட்டு வாடகைக்குத்தான் அதில் இடமே இல்லை.

1348இல் பரவத் தொடங்கிய கொள்ளைநோய் மக்கள்தொகையைப் பெருமளவு அழித்தபோது ஆள் கிடைப்பது அரிதாயிற்று. கூலியைப் பழைய அளவில் நிறுத்த 1351இல் சட்டம் இயற்றப்பட்டும், நாளொன்றுக்கு 3 பென்ஸ் வாங்கிய கொத்தனார் அடுத்த சில ஆண்டுகளிலேயே 5 பென்ஸ் வாங்கினார். ஏறத்தாழ 1412 முதல் 1532 வரை அவர் கூலி 6 பென்ஸாகவும் சித்தாளின் கூலி 4 பென்ஸாகவும் அசையாமல் நின்றன. பண்டங்களின் விலையும் பெரிதாக ஏறாததால் அக்காலம் உழைப்பாளரின் பொற்காலம் என்று பெயர் பெற்றது. பின்னர் மக்கள்தொகை பெருகியது, 1540களில் எட்டாம் ஹென்றியின் அரசு நாணயத்தில் வெள்ளியைக் குறைத்தது, விலைவாசி பாய்ந்தது. 1590களில் விளைச்சல் தொடர்ந்து பொய்த்த நிலையில், 1597இல் விலைக் குறியீட்டெண் 685ஐத் தொட்டது. கொத்தனாரின் கூலி அப்போது 12 பென்ஸ், அதாவது பழைய கூலியைப் போல் இருமடங்கு. எனவே கூலிக் குறியீட்டெண்ணான 200ஐ 685ஆல் வகுத்து 100ஆல் பெருக்க மெய்க்கூலி 29 என்றாகிறது. காசு இரட்டித்தபோது அதன் வாங்கும் திறன் மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே இறங்கியிருந்தது.

எனினும் இந்த எண்ணைக் குடும்பத்தின் வாழ்க்கைத் தரமாகவே எடுத்துக்கொள்வது பிழையாகும். இது ஒரு நாட்கூலியைச் சொல்கிறதேயன்றி, அந்த ஆண்டில் எத்தனை நாள் வேலை கிடைத்தது, மனைவி மக்கள் என்ன ஈட்டினர், கொல்லையில் என்ன விளைந்தது என்பவற்றைச் சொல்வதில்லை. அதைவிடக் கருதத்தக்கது விலைகள் எங்கிருந்து வந்தன என்பது: கல்லூரிகளும் பிற பெரு நிறுவனங்களும் மொத்தமாக வாங்கிய பொருள்களின் கணக்கேடுகளே பெரும்பாலும் சான்றாயின. அன்றாடம் சிறிது சிறிதாக வாங்கிய கூலியாள் கொடுத்த சில்லறை விலை அவற்றில் இல்லை.

எந்தப் பண்டத்தால் அளப்பது என்ற இதே சிக்கல் தென்னிந்திய நெசவாளரைப் பற்றிய விவாதத்திலும் எழுந்தது. 18ஆம் நூற்றாண்டு நெசவாளரின் கூலி காசளவில் குறைவாகத் தோன்றினாலும், தானிய அளவில் பிரிட்டனில் உழைத்தவரின் கூலிக்கு ஈடானது என்று 1998இல் பிரசன்னன் பார்த்தசாரதி வாதிட்டார். ஸ்டீஃபன் பிராட்பெரியும் பிஷ்ணுப்ரியா குப்தாவும் 2006இல் இதை மறுத்து, இந்தியத் தானியக்கூலி இங்கிலாந்தின் அளவுக்கு நெருங்கி நின்றது 17ஆம் நூற்றாண்டின் இறுதி வரைதான் என்றனர். வெள்ளியில் அளந்தபோதோ, இந்தியக் கூலி அதற்கு முன்பே மிகவும் தாழ்ந்திருந்தது.