கருவின் சிறுநீரகமும் பாதரச ஆவியும்: வெளிப்பாட்டுத் தரவுத்தளங்களின் ஒரு வாசிப்புக்குக் கொடைக்கானலை முன்வைத்து மறுப்பு

ஒரு நஞ்சை உள்வாங்கும் கடத்திப் புரதத்தின் மரபணு, உறுப்பு வளர்ச்சியின் எந்தக் கட்டத்தில் இயங்கத் தொடங்குகிறது என்பதை மரபணு வெளிப்பாட்டுத் தரவுத்தளத்தில் கண்டறிந்து, அதற்கு முந்தைய கட்டங்களில் அந்த உறுப்பு அந்த நஞ்சுக்குப் பெரிதும் தப்பியிருக்கும் என்று முடிவு கட்டும் வாசிப்பு நச்சியலில் வேரூன்றியிருக்கிறது. பல மருந்துகளுக்கும் நீரில் கரையும் உலோக உப்புகளுக்கும் அது ஓரளவு செல்லும். பாதரச ஆவிக்குச் செல்லாது என்பதே இங்கு நான் நிறுவ முயல்வது. இதைக் கொடைக்கானலை வைத்துப் பேசுவதற்குக் காரணம் உண்டு. 1980களின் நடுப்பகுதியிலிருந்து 2001 மார்ச் வரை அங்கு இயங்கிய வெப்பமானித் தொழிற்சாலையில் உழைத்தவர்கள் முதன்மையாக எதிர்கொண்டது பாதரச ஆவியைத்தான். தொழிலாளர்களோடு அவர்களின் பிள்ளைகளும் பாதிக்கப்பட்டிருப்பதற்கு முதல்நோக்கில் சான்று உண்டு என்று 2011இல் மத்தியத் தொழிலாளர் அமைச்சகத்தின் அறிக்கை சென்னை உயர் நீதிமன்றத்திடம் கூறியது. போதிய சான்று இல்லை என்று சொன்ன ஆய்வுகளும் உண்டு. 2016இல் 591 முன்னாள் தொழிலாளர்களுடன் உடன்பாடு ஏற்பட்டு வழக்கு முடிந்தது. பிள்ளைகள் பற்றிய அறிவியல் கேள்வி மட்டும் திறந்தே கிடக்கிறது.

தகராறுக்குரிய வாசிப்பை அதன் வலிமையான வடிவிலேயே எடுத்துக்கொள்வோம். உடலுக்குள் ஈரிணைதிற அயனியாக மாறிய பாதரசம் சிஸ்டீன் போன்ற கந்தக மூலக்கூறுகளோடு பிணைந்து, சிறுநீரகத்தின் அண்மைச் சுருள் நுண்குழல் செல்களுக்குள் நுழைகிறது. இரத்தத்தின் பக்கமிருந்து அதை உள்ளே விடும் முக்கியக் கதவுகள் ஓ.ஏ.டி.1, ஓ.ஏ.டி.3 என்னும் இரு கடத்திகள். சுண்டெலியின் சிறுநீர்ப் பிறப்புறுப்பு வளர்ச்சியைக் கட்டம் கட்டமாகப் பதிவு செய்துள்ள குட்மேப் தரவுத்தளத்திலும் அதையொத்த பிற தொகுப்புகளிலும், கருவின் தொடக்கச் சிறுநீரகத்தில் இவற்றின் மரபணு வெளிப்பாடு காணப்படுவதில்லை. இக்கடத்திகள் நுண்குழல் முதிர முதிரத் தோன்றி, பிறந்த பின்பே முழு அளவை நெருங்குகின்றன. மனிதக் குழந்தையிலும் இந்தக் கடத்திகள் பிறப்பின்போது குறைவாக இருந்து பிறகு கூடுகின்றன. ஆகவே கருவின் சிறுநீரகத்தில் பாதரசம் சேர வழியில்லை என்பது வாதம். இதன் முதற்படியில் எனக்கு ஐயம் சிறிதே. தரவுத்தளத்தில் ‘காணப்படவில்லை’ என்ற குறிப்பும், யாரும் சோதித்துக் குறிப்பெழுதாத திசுவும் வேறு வேறு. திரையில் இரண்டும் நிறமின்றித் தெரியக்கூடும் என்பதால் அவசர வாசகர் ஏமாற இடமுண்டு. மேலும் சுண்டெலியில் நெஃப்ரான் உருவாக்கம் பிறந்து சில நாட்கள்வரை தொடர்கிறது. மனிதரில் ஏறத்தாழ 36ஆம் கருவாரத்திலேயே முடிந்துவிடுகிறது. பிறந்த சுண்டெலியின் சிறுநீரகத்தைப் பிறந்த குழந்தையின் சிறுநீரகத்தோடு நேருக்கு நேர் வைக்க இயலாது. இவையெல்லாம் திருத்தக்கூடிய குறைகள். வாதம் முறிவது அடுத்த படியில்.

கடத்தி தேவைப்படுவது மின்னூட்டம் பெற்ற பாதரசத்துக்கு. மூச்சில் போகும் தனிம ஆவிக்கு மின்னூட்டமில்லை, கொழுப்பில் கரையும். நுரையீரலுக்குள் சென்றதில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கோ அதற்கு மேலோ இரத்தத்தில் கலக்கிறது. சிவப்பணுக்களில் உள்ள கேட்டலேஸ் நொதி அதை அயனியாக்குகிறது என்றாலும், அதற்குள் ஒரு பகுதி மூளையை அடைந்து, நஞ்சுக்கொடியையும் கடந்துவிடுகிறது. மெர்க்குரிக் குளோரைடு தரப்பட்ட தாய் எலியில் பாதரசம் நஞ்சுக்கொடியிலேயே பெரிதும் தேங்குவதும், ஆவியைச் சுவாசித்த தாயின் கருவில் அதைவிடப் பல மடங்கு சேர்வதும் 1970களின் தொடக்கத்திலேயே காட்டப்பட்டவை. கடத்தி மரபணுவின் வெளிப்பாடு சொல்வது உப்பு நுழையும் வழியைப் பற்றி. ஆவி அந்த வழியைக் கேட்பதே இல்லை.

கருவுக்குள் வந்த பாதரசம் எங்கே போகிறது என்பதற்குப் பிற உறுப்புகளின் வெளிப்பாட்டுத் தரவுகள் விடை தருகின்றன. சிறுநீரகத்தை மட்டும் நோக்கும் வாசிப்பு அதைத் தவறவிட்டிருக்கிறது. தொப்புள் சிரையின் இரத்தம் முதலில் சேர்வது கருவின் கல்லீரலை. பாதரசத்தை இறுகப் பிணைக்கும் மெட்டலோதயோனின் புரதம் பிறப்பை ஒட்டிய பாலூட்டிகளின் கல்லீரலில் மிகுந்தும், பிறந்த பின் சரிந்தும் காணப்படுகிறது. ஆவிக்கு உட்பட்ட கினிப்பன்றிகளின் கருக்களில் பாதரசம் கல்லீரலில் இத்தகைய புரதத்தோடு பிணைந்திருந்ததும், பிறந்தபின் கல்லீரலில் குறைந்து சிறுநீரகத்தில் கூடியதும் 1980களில் பதிவாயின. வெளிப்பாட்டு வரிசையையும் இந்த இடப்பெயர்ச்சியையும் அருகருகே வைத்தால் ஒரே கதை கிடைக்கிறது: கல்லீரலின் பிணைப்பு தளரும் அதே காலத்தில்தான் சிறுநீரகத்தின் கதவுகள் திறக்கின்றன. கருவில் கடத்தி குறைவு என்ற தரவு, பாதிப்பு தள்ளிப்போவதற்கான சான்றாகலாம்; பாதிப்பின்மைக்குச் சான்றாகாது. இந்த இணைப்பு மனிதரில் நேரடியாகச் சோதிக்கப்படாத கருதுகோள் என்பதை ஒப்புக்கொள்கிறேன். எனினும் இருக்கும் சான்றுகளை இதைவிடச் சிக்கனமாக விளக்கும் வாசிப்பு எனக்குத் தெரியவில்லை.

இந்தப் பிழையின் வேர் தரவுகளைத் தொகுக்கும் முறையிலும் இருக்கிறது. 2004 முதல் பொதுப் பயன்பாட்டில் உள்ள ஒப்பீட்டு நச்சு மரபணுவியல் தரவுத்தளம் மெர்க்குரிக் குளோரைடையும் மீத்தைல் பாதரசத்தையும் தனித்தனியே பட்டியலிடுகிறது. சுவாசித்த ஆவிக்கான சோதனைகளோ ஒப்பளவில் சொற்பம். மேலும் அதிலுள்ள வேதிப்பொருள்–நோய்த் தொடர்புகளில் பல, இரண்டுக்கும் பொதுவான மரபணுக்களைக் கொண்டு ஊகிக்கப்பட்டவை. உப்பிலிருந்து பெற்ற பட்டியலை ஆவிக்கு ஏற்றிச் சொல்வது எந்தத் திசையிலும் தவறே. பொதுவான மரபணுக்களைக் காட்டித் தொழிலாளர் குடும்பங்களின் எல்லா நோய்களுக்கும் பாதரசமே காரணம் என்பவர்களோடும் நான் சேர மாட்டேன்.

விலங்குச் சான்று மனிதருக்குச் செல்லாது என்ற தடையை நீட்டிப் பேசத் தேவையில்லை. மறுக்கப்படும் வாசிப்பும் சுண்டெலித் தரவில்தான் நிற்கிறது. சோதனை விலங்குகள் பெற்ற அளவு கொடைக்கானல் குடும்பங்கள் பெற்றிருக்கக்கூடியதைவிட மிகுதி என்பது கனமான தடை. என் வாதம் வழியைப் பற்றியது. அளவைச் சொல்ல அக்காலப் பணிக்கூடக் காற்றின் அளவீடுகள் வேண்டும். இன்னொரு வரம்பும் உண்டு: கருவுற்றிருந்தபோது தாயே ஆவியைச் சுவாசித்திருந்தால்தான் இந்த வழி பொருந்தும், அது பணியிடத்திலோ வேலை உடுப்போடு வீடு வந்த பாதரசத்திலிருந்தோ ஆகட்டும். உடலிலுள்ள பாதரசத்தில் பாதி ஏறத்தாழ இரண்டு மாதங்களில் வெளியேறிவிடுவதால், ஆலை மூடி ஆண்டுகள் கழித்து எடுத்த சிறுநீர் அளவு அந்தக் காலத்துக்கு எதையும் உறுதிசெய்யாது, எதையும் மறுக்கவும் செய்யாது.

ஆகவே கேட்பது இரண்டு. தரவுத்தளங்களைத் தொகுப்பவர்கள் ஒவ்வொரு பாதரசப் பதிவிலும் வேதி வடிவத்தையும் உடலில் நுழைந்த வழியையும் கட்டாயமாகக் குறிக்க வேண்டும். ஆலை இயங்கிய ஆண்டுகளில் அக்குடும்பங்களில் பிறந்து இன்று வளர்ந்து நிற்பவர்களின் சிறுநீரகச் செயல்பாட்டை, அவர்கள் ஒப்புதலோடு, சிறுநீர் ஆல்புமின் முதலான எளிய சோதனைகள் வழியாகத் தொடர்ந்து கவனிக்க அரசு மருத்துவத்துறை முன்வர வேண்டும்.