பல்லாவரத்து விமானமும் நம் மொட்டைமாடியும்



மொட்டைமாடியில் ரிமோட் விமானம் விடப் பிள்ளைகளை அனுமதிக்கலாமா என்று சென்ற பொதுக்குழுவில் பேச்சு வந்தது உங்களுக்கு நினைவிருக்கும். "பாவம், விளையாடட்டும்" என்றார்கள் சிலர். "எம்.கே.பி. நகரில் மாஞ்சா நூலால் பட்டது போதாதா?" என்றார்கள் சிலர். நான் வாய் திறக்கவில்லை. காரணத்தைப் பிறகு சொல்கிறேன். முதலில் ஒரு பழைய கதை.

நம் சென்னையில் முதன்முதலாக விமானம் கட்டிப் பறந்தவர் ஒரு ஹோட்டல்காரர். கார்சிகா தீவைச் சேர்ந்த ஜியாகோமோ டி ஏஞ்செலிஸ் என்பவர், மவுண்ட் ரோட்டில் ஹோட்டல் நடத்தியவர். 1909 ஜூலையில் லூயி பிளேரியோ ஆங்கிலக் கால்வாயைப் பறந்து கடந்த செய்தி வந்ததும் இவருக்கும் ஆசை பிடித்துக்கொண்டது. தானே வடிவமைத்து, கோச் வண்டி கட்டிக்கொண்டிருந்த சிம்சன் கம்பெனியில் கொடுத்து, சிறிய எஞ்சின் வைத்து ஒரு விமானம் செய்துகொண்டார். 1910 மார்ச்சில் பல்லாவரத்தில் ஓட்டிப் பார்த்தார். அதன் பிறகுதான் கட்டணம் வாங்கிக்கொண்டு ஊருக்குக் காட்டினார். அலகாபாத்தில் ஹென்றி பெக்கே தபால் மூட்டையோடு பறந்தது 1911 பிப்ரவரி 18. நம் ஹோட்டல்காரர் ஏறத்தாழ 11 மாதம் முந்திக்கொண்டார். வரிசையைக் கவனியுங்கள்: முதலில் ஆளில்லாத மைதானம், பிறகுதான் கூட்டம்.

ரேடியோவால் இயக்குவது அதற்கும் முந்தைய யோசனை. 1898-ல் நியூயார்க்கில் நிகோலா டெஸ்லா ஒரு சின்னப் படகைக் கம்பியில்லாமல் ஓட்டிக் காட்டினார். 1937-ல் அமெரிக்காவின் குட் சகோதரர்கள் அப்படியே ஒரு மாதிரி விமானத்தைப் பறக்கவிட்டார்கள். 2018-ல் குரோம்பேட்டை எம்.ஐ.டி. மாணவர்களின் 'தக்‌ஷா' குழு, நடிகர் அஜித் குமாரை ஆலோசகராக வைத்துக்கொண்டு ஆளில்லா விமானங்கள் செய்து பெயர் வாங்கியது. அவருக்கும் தொடக்கம் இந்த ரிமோட் விமானப் பொழுதுபோக்குதான்.

இனி என் கதை. பேரனுக்கு ஒரு டிரெய்னர் விமானம் வாங்கினோம். இறக்கை உடலுக்கு மேலே உட்கார்ந்து, இரு பக்கமும் லேசாக மேல்நோக்கி வளைந்திருக்கும். சாய்ந்தால் தானாக நிமிரப் பார்க்கும். கற்றுக்கொள்பவருக்கு அதுதான் ஏற்றது. இறக்கை நீளம் சுமார் 5 அடி, எடை இரண்டரை கிலோ. சாப்பாட்டு மேஜையில் இரண்டு ஞாயிறு உட்கார்ந்து கோத்தோம்.

முதலில் எடை பார்க்க வேண்டும். இறக்கையின் முன்விளிம்பிலிருந்து அதன் அகலத்தில் கால் பங்கு முதல் மூன்றில் ஒரு பங்கு வரையில், விமானத்தோடு வந்த தாளில் குறித்த இடத்தில், அடியில் இரு விரல் வைத்துத் தூக்கினால், மூக்கு லேசாகத் தாழ வேண்டும். வால் தாழ்ந்தால் பேட்டரியை முன்னே தள்ளுங்கள். வால் கனத்த விமானம் பிடியில் நிற்காது. இதை ஒழுங்காகச் செய்தோம்.

கோட்டைவிட்டது அடுத்ததில். குச்சியை வலப்பக்கம் தள்ளினால் வலது இறக்கையின் மடல் மேலே எழ வேண்டும், இடது மடல் இறங்க வேண்டும். நான் விமானத்தின் மூக்குப் பக்கம் நின்று பார்த்து "சரி" என்றேன். எதிரே நிற்பவருக்கு இடம் வலமாகத் தெரியும் என்பது அப்போது உறைக்கவில்லை. வாலுக்குப் பின்னால் நின்று பார்த்திருக்க வேண்டும். ஊருக்கு வெளியே திறந்த மைதானத்தில் எழும்பிய சில நொடியில் விமானம் சாய்ந்தது. பேரன் நிமிர்த்தத் திருப்பத் திருப்ப இன்னும் சாய்ந்து மண்ணில் குத்தியது. மூக்கு நொறுங்கியது. முப்பதடி தள்ளி ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஒரு சிறுமி நின்றிருந்தாள்.

வங்கியில் முப்பது வருஷம், ஒருவர் போட்ட வவுச்சரை இன்னொருவர் சரிபார்த்துத்தான் பாஸ் செய்தோம். அந்தப் பழக்கம் வீட்டு மேஜையில் ஏனோ மறந்துவிட்டது. மறதி என்னுடையது, பேரனுடையது அல்ல.

அதனால்தான் அன்று பேசவில்லை. இப்போது சொல்கிறேன்: நம் மாடியில் வேண்டாம். நிமிஷத்துக்குப் பத்தாயிரம் சுற்று சுற்றும் புரொப்பெல்லர் விளையாட்டுச் சாமான் அல்ல. 2021 ட்ரோன் விதிகளின்படி எங்கே பறக்கலாம் என்பதற்குப் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று வரைபடமே இருக்கிறது. அதைப் பார்த்துவிட்டுத்தான் கிளம்ப வேண்டும்.

ஆனால் பிள்ளைகளின் ஆசைக்குப் பூட்டுப் போடாதீர்கள். அடுத்த மாத முதல் ஞாயிறு மாலை, செக்ரட்டரி சாவி கொடுத்தால், பொது ஹாலில் ஒட்டிச் சரிசெய்த அதே விமானத்தைப் புரொப்பெல்லரைக் கழற்றிவிட்டு வைத்திருப்பேன். பிள்ளைகள் வந்து கோத்துப் பழகலாம். மடலை யார் சரிபார்ப்பது என்று சீட்டுக் குலுக்குவோம்.