உப்புத்தண்ணீர் ஆய்வுக்கு யார் செலவழிப்பார்கள்?

காய்ச்சலில் துவண்டு, கைகால் சில்லிட்டு வரும் குழந்தைக்கு வேகமாகச் சலைன் ஏற்றுவது பணக்கார நாட்டு மருத்துவமனைகளில் வெகுகாலமாக அசையாத வழக்கம். கிலோவுக்கு 20 மில்லி என்றால் 10 கிலோ குழந்தைக்கு 200 மில்லி, ஒரு டம்ளர் அளவு. இதற்கு ஆதாரமாக அடிக்கடி காட்டப்பட்ட 1991-ஆம் ஆண்டு அமெரிக்க ஆய்வில் இருந்தது 34 குழந்தைகள். சென்னை எழும்பூர்க் குழந்தைகள் மருத்துவமனையில் சலைன் ஏற்றும் இரண்டு முறைகளை ஒப்பிட்டு 2008-இல் வெளியான ஆய்வில் 147 பேர்; இறப்பில் வேறுபாடு தெரியவில்லை. அந்த எண்ணிக்கையில் தெரிந்திருக்கவும் முடியாது. நூற்றுக்கு மூன்று உயிர் என்ற வேறுபாடு கண்ணில் பட ஆயிரக்கணக்கான குழந்தைகள் வேண்டும். அதற்குப் பல மருத்துவமனைகள் கைகோக்க வேண்டும், அதற்குப் பணமும் வேண்டும். அந்தப் பணம் யாருடையது என்பதை ஆய்வின் முடிவுக்குச் சமமாக வைத்துப் படிக்க வேண்டும் என்கிறேன்.

தொற்று முற்றி உறுப்புகளைத் தாக்கும் செப்சிஸ் நிலைக்கான மருந்து ஸைக்ரிஸின் கதையைப் பாருங்கள். 2001-இல் பெரியவர்களுக்கு அனுமதி பெற்ற அந்த மருந்தைக் குழந்தைகளிடம் சோதிக்க, அதைத் தயாரித்த எலி லில்லி நிறுவனமே 18 நாடுகளின் மருத்துவமனைகளை ஒன்றுசேர்த்தது. 477 குழந்தைகள் சேர்ந்த நிலையில், பலன் தெரிய வாய்ப்பில்லை என்று 2005-இல் சோதனை நின்றது. 2007-இல் முடிவு லான்செட் மருத்துவ இதழில் வெளிவந்தது. நிறுவனம் பணம் கொடுத்தும் பாதகமான முடிவு மறைக்கப்படவில்லையே என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் பணத்தின் செல்வாக்கு முடிவைத் திருத்துவதோடு நிற்பதில்லை. செப்சிஸ் சிகிச்சைக்கு நெறிமுறை வகுத்த சர்வதேச இயக்கத்தின் தொடக்ககாலச் செலவில் பெரும்பகுதி அதே நிறுவனத்திடமிருந்து வந்தது. 2004-இல் வந்த நெறிமுறை அந்த மருந்தைப் பரிந்துரைத்தது. 2006-இல் மூன்று ஆய்வாளர்கள் இதை வெளிப்படையாக எழுதியபோது, நிறுவனத்தின் தலையீடு இல்லை என்று இயக்கத்தினர் மறுத்தார்கள். அவர்கள் சொன்னது உண்மையாகவே இருக்கட்டும். பரிந்துரையைப் படித்த மருத்துவருக்கு அந்தக் கணக்கும் பக்கத்திலேயே தெரிந்திருக்க வேண்டும். 2011-இல் அந்த மருந்து சந்தையிலிருந்தே திரும்பப் பெறப்பட்டது.

சலைனுக்குக் காப்புரிமை இல்லை. அதைக் குறைவாகக் கொடுங்கள் என்று நிரூபித்து எந்த நிறுவனமும் லாபம் பார்க்காது. அதனால்தான் குழந்தை மருத்துவர் கேத்ரின் மெய்ட்லேண்ட் தலைமையில் கென்யா, உகாண்டா, தான்சானியாவின் ஆறு மருத்துவமனைகள் நடத்திய ஃபீஸ்ட் ஆய்வுக்கு பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சி மன்றம் பணம் தர வேண்டியிருந்தது. 3,141 குழந்தைகளோடு 2011 ஜனவரியில் அதைப் பாதியில் நிறுத்தினார்கள். வேகமாகச் சலைன் ஏற்றிய குழந்தைகளில் 48 மணி நேரத்துக்குள் இறந்தவர்கள் 10.5 சதவீதம், ஆல்புமின் என்ற ரத்தப் புரதக் கரைசலை ஏற்றியவர்களில் 10.6, இரண்டும் ஏற்றாதவர்களில் 7.3. சலைனையும் ஆல்புமினையும் நன்கொடையாகக் கொடுத்தது பாக்ஸ்டர் நிறுவனம். கட்டுரையிலேயே அது பதிவாகியிருக்கிறது. இலவசமாகக் கொடுத்தவரின் சரக்குக்கே எதிராக முடிவு வந்தது என்பதை அந்த ஒரு வரியால்தான் வாசகர் அறிகிறார், முடிவை நம்ப அது கூடுதல் காரணமாகிறது. வெளிப்படுத்தினால் ஆய்வாளர் மீது சந்தேகம்தான் விழும் என்று அஞ்சுகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

வென்டிலேட்டர் இல்லாத வார்டுகளில் கிடைத்த முடிவு லண்டனுக்கும் சென்னைக்கும் பொருந்துமா என்ற மறுப்பு இதைவிட வலுவானது. அப்படியே பொருந்தாது என்பதை நானும் ஏற்கிறேன். எந்த மருத்துவமனைகள் சேர்ந்தன, அங்கே என்ன வசதி இருந்தது என்பதும் பணக்கணக்கைப் போலவே எழுதப்பட வேண்டியது இதனால்தான். அப்படி எழுதியிருந்ததால்தான் பிறகு வந்தவர்களால் பிரித்துப் பார்க்க முடிந்தது. அதே செப்சிஸ் இயக்கம் 2020-இல் குழந்தைகளுக்கென்று நெறிமுறை வெளியிட்டது. அந்த முறை செலவை ஏற்றவை இரண்டு மருத்துவர் சங்கங்கள். தீவிர சிகிச்சை வசதி இல்லாத இடத்தில், ரத்த அழுத்தம் குறையாத குழந்தைக்கு வேகமாகத் திரவம் ஏற்ற வேண்டாம் என்று அதில் தனியாக எழுதியிருக்கிறார்கள்.