பிள்ளை நோவில் சத்தம் போடுவது குற்றமா?



சென்ற மாதம் ஓர்ஸ் ஹில்லில் ஒரு வீட்டுக்குப் பிள்ளை பார்க்கப் போயிருந்தோம். பெற்றவள் எம்மிடம் படித்த மாணவி. உள்ளே போனதும் அவளுடைய பெரியம்மா பெருமையாகச் சொன்னார்: "எங்கட புள்ள நல்ல பொறுமைசாலி டீச்சர். லேபர் ரூமில ஒரு சத்தம் போடல்ல." சுற்றியிருந்தவர்கள் மாஷா அல்லாஹ் சொன்னார்கள். அவள் மட்டும் தலையைக் குனிந்துகொண்டாள்.

பெரியம்மா தேத்தண்ணி ஊற்றப் போன நேரம் பார்த்து மெதுவாகச் சொன்னாள்: "சத்தம் வந்தது டீச்சர். துணியக் கடிச்சிக்கிட்டுக் கிடந்தன். பக்கத்துக் கட்டிலில கத்தின ஆளுக்கு ஏச்சு விழுந்தது. எனக்கும் விழும் எண்டு பயம்."

எமக்கும் அந்த அனுபவம் உண்டு. தலைப்பிள்ளைக்கு நோவு கண்டு ஓர் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது "உம்மா" என்று ஒருதரம் கூப்பிட்டுவிட்டோம். "பெறத் தெரிஞ்ச உனக்குப் பொறுக்கத் தெரியாதா?" என்று ஒரு குரல் வந்தது. பிறகு வாய் திறக்கவில்லை. பிள்ளை சுகமாகப் பிறந்தது, அல்ஹம்துலில்லாஹ். பிள்ளைக்கு இப்போது எட்டு வயது. நோவு மறந்துபோனது. அந்தச் சொல் மட்டும் மறக்கவில்லை.

பெண் நோவில் சத்தம் போடக்கூடாது என்ற எண்ணம் எங்கிருந்து வந்தது? நம் முன்னோர் அப்படித்தான் இருந்தார்களா? மார்க்கம் அப்படிச் சொல்கிறதா? வரலாற்றைக் கொஞ்சம் புரட்டிப் பார்ப்போம்.

*

நமது மாவட்டத்திலிருந்தே தொடங்கலாம். மூதூர்ப் பக்கம் கொட்டியாரக் கரையில் 1660ஆம் ஆண்டு கண்டி அரசனின் ஆட்களிடம் பிடிபட்டவர் ரொபர்ட் நொக்ஸ் என்ற ஆங்கிலேயர். ஏறக்குறைய இருபது வருடம் மலைநாட்டில் சிறையிருந்து தப்பிப் போய், 1681இல் இலங்கையைப் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். அங்கே பிள்ளைப்பேற்றுக்கென்று தனியாக மருத்துவிச்சிகள் இல்லை, அக்கம்பக்கத்துப் பெண்களே கூடிவந்து அந்த வேலையைப் பார்க்கிறார்கள் என்று அதில் எழுதியிருக்கிறார். அவர் சொன்னது கண்டி நாட்டுச் சிங்கள மக்களைப் பற்றி. ஆனாலும் ஒரு விடயம் எல்லோருக்கும் பொருந்தும். அந்தக் காலத்தில் பிள்ளை பெறுவது தெரிந்த முகங்களுக்கு நடுவே நடந்த காரியம்.

கிழக்கிலே நமக்கு இன்னொரு சிறப்பும் இருந்தது. நம் பக்கத்தில் கலியாணம் முடித்தால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருவார். ஆகவே நோவு வரும்போது பெண் கிடந்தது தன் உம்மாவின் வீட்டில். தலைமாட்டில் உம்மா, கால்மாட்டில் மருத்துவிச்சி, மூலையில் தஸ்பீஹ் மணியோடு மூத்தம்மா. ஆண்கள் வெளியே. அந்த அறைக்குள் யார் யாருக்கு வெட்கப்பட வேண்டும்?

நம் தமிழில் நோவின் சத்தத்துக்கு எத்தனை சொற்கள் இருக்கின்றன பாருங்கள். அனுங்கல், முனகல், முக்கல், கதறல், அலறல். ஒவ்வொன்றும் வேறு வேறு சத்தம். அனுபவமுள்ள மருத்துவிச்சிக்கு இவைதான் மணிக்கூடு. ஆரம்ப நோவில் பெண் கதைத்துக்கொண்டே இருப்பாள். நோவு இறுகும்போது கதை பாதியில் நிற்கும், அனுங்கல் வரும். பிள்ளை கீழே இறங்கும் நேரம் அடித்தொண்டையிலிருந்து முக்கல் தானாக வரும். இதைக் காதால் கேட்டே நேரம் வந்துவிட்டதா இல்லையா என்று கணிப்பார்கள். இன்றும் நல்ல மிட்வைஃப் மிஸ்மார் இப்படிக் கணிப்பதுண்டு. வாயைப் பொத்திக்கொண்டவளிடம் இந்த மணிக்கூடு வேலை செய்யாது.

சத்தம் பெற்றவளுடையது மட்டுமல்ல, சுற்றி இருந்தவர்களுடையதும்தான். கேரளத்து மாப்பிள்ளை முஸ்லிம் குடும்பங்களில், பெண் நோவில் கிடக்கும்போது மற்றப் பெண்கள் அருகில் அமர்ந்து நபீஸத் மாலையை ராகம் போட்டு ஓதுவது வழக்கமாக இருந்தது. கெய்ரோவில் அடங்கியிருக்கும் ஸெய்யிதா நபீஸா அவர்களைப் புகழும் அரபு மலையாளப் பாட்டு அது. அந்த வழக்கம் சரியா பிழையா என்பது உலமாக்களின் விடயம், அதற்குள் நாம் போகவில்லை. நாம் கவனிப்பது ஒன்றைத்தான். அந்த அறையில் நோவு கண்டவளின் குரல் தனியாக நிற்கவில்லை.

*

இதை எழுதினால் "அப்போ பழையபடி வீட்டில பெறச் சொல்றீங்களா?" என்று கேட்பீர்கள். ஒருபோதும் இல்லை.

1930களில் இலங்கையில் ஒரு இலட்சம் பிறப்புக்கு 2000க்கும் மேற்பட்ட தாய்மார் இறந்தார்கள். அதாவது ஐம்பது பிள்ளைகள் பிறந்தால் ஒரு தாய் மையித்து. உம்மாவின் கையைப் பிடித்துக் கதறியவர்களில் பலர் அந்தக் கையைப் பிடித்தபடியே போய்ச் சேர்ந்தார்கள். இரத்தப் போக்குக்கும் ஜன்னிக்கும் மூத்தம்மாவிடம் மருந்து இருக்கவில்லை. நம் பக்கத்து நிலைமை இன்னும் கடினம். கிண்ணியாப் பாலம் திறந்தது 2009இல்தான். அதுவரை அங்கிருந்து திருகோணமலைக்கு வர வேண்டிய பெண் நோவோடு பாதைக்காகத் துறையடியில் காத்துக் கிடந்தாள். மூதூர்ப் பெண்களுக்குக் கடல் வழி லாஞ்ச். இரவில் நோவு வந்தால் என்ன செய்திருப்பார்கள் என்று உங்கள் வீட்டு மூத்தம்மாவிடம் கேளுங்கள். கதை கதையாகச் சொல்வார்.

இந்த நிலைமையை மாற்றப் பலர் பாடுபட்டார்கள். 1847இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மிஷன் வைத்தியர் சாமுவேல் கிறீன், பிள்ளைப்பேறு பற்றிய மேற்கத்திய மருத்துவ நூலைத் தமிழில் கொண்டுவந்தார். 1857இல் அது வெளிவந்தது. 1879இல் கொழும்பில் டி சொய்சா பிரசவ வைத்தியசாலை திறக்கப்பட்டது. 1926இல் களுத்துறையில் முதலாவது சுகாதாரப் பிரிவு தொடங்கி, பயிற்சி பெற்ற மருத்துவ மாதர் வீடு வீடாகப் போகும் முறை வளர்ந்தது. இன்று நூற்றுக்கு 99க்கும் மேற்பட்ட பிள்ளைகள் வைத்தியசாலையில்தான் பிறக்கின்றன. தாய் மரணம் ஒரு இலட்சத்துக்கு 30 அளவுக்கு இறங்கியிருக்கிறது. நம்மைவிடப் பணக்கார நாடுகள் சில நம்மைப் பார்த்து வியக்கும் சாதனை இது. அதற்காக இந்த நாட்டின் மிட்வைஃப்மாருக்கும் தாதிமாருக்கும் வைத்தியர்மாருக்கும் நாம் கடமைப்பட்டிருக்கிறோம்.

ஆனால் இந்த மாற்றத்தில் ஒன்று வாசலோடு நின்றுவிட்டது. பெண் உள்ளே போனாள், உம்மா கேற்றடியில் நின்றார். வீட்டில் ஒருத்தி கதறினால் நாலு பேர் அவளைப் பார்ப்பார்கள். விடுதியிலோ நாலு பேர் கதறினாலும் பார்ப்பதற்கு ஒருவர்தான் இருப்பார். அந்த ஒருவருக்குச் சத்தம் தொல்லையாகத் தோன்றியதில் வியப்பில்லை. பிறகு அதுவே ஒழுக்கமாகிவிட்டது. சத்தம் போடாதவள் நல்லவள், போட்டவள் பொறுமை கெட்டவள்.

*

இது நம் ஊரில் மட்டும் நடந்ததல்ல.

ஸ்கொட்லாந்தில் 1847இல் ஜேம்ஸ் சிம்சன் என்ற வைத்தியர் பிரசவ வலிக்குக் குளோரோஃபோம் கொடுத்தபோது, பெண் நோவோடுதான் பெற வேண்டும் என்று வேதத்தைக் காட்டி ஆட்சேபித்தவர்கள் இருந்தார்கள். 1853இல் விக்டோரியா மகாராணியே அதை எடுத்துப் பிள்ளை பெற்ற பிறகு அந்த வாய்கள் அடங்கத் தொடங்கின.

1951இல் பிரான்சில் ஃபெர்னான் லமாஸ் என்ற வைத்தியர், மூச்சுப் பயிற்சியால் நோவைச் சமாளிக்கும் முறையை அறிமுகப்படுத்தினார். நல்ல முறைதான், இன்றும் உலகம் முழுவதும் கற்பிக்கிறார்கள். ஆனால் பெற்ற பெண்களுக்கு அவர் தரம் போட்டார் என்பது எத்தனை பேருக்குத் தெரியும்? அதிசிறப்பு முதல் முழுத் தோல்வி வரை. அமைதியில்லாமல் புரண்டு அலறியவர்கள் தோல்வி. நாமும் பரீட்சைத் தாள் திருத்துகிறவர்கள்தான். ஆனாலும் இதை வாசித்தபோது மனம் கசந்தது. உயிரைப் பணயம் வைத்து ஓர் உயிரைக் கொண்டுவந்தவளுக்கு ஃபெயில் போட யாருக்கு மனம் வரும்? பிறகு நினைத்துப் பார்த்தோம். "ஒரு சத்தம் போடல்ல" என்று பெரியம்மா கொடுத்ததும் ஒரு பாஸ்மார்க்தானே?

சத்தம் வலிக்கு உதவுமா என்று சோதித்தும் பார்த்திருக்கிறார்கள். சிங்கப்பூரில் 2015இல் வெளியான ஓர் ஆய்வில் ஆட்களைக் குளிர்ந்த நீரில் கையை வைத்திருக்கச் சொன்னார்கள். பேசாமல் இருந்தபோதைவிட வாய்விட்டு "ஔ" என்று சொன்னபோது அவர்களால் கூடிய நேரம் தாங்க முடிந்தது. பிறர் கத்திய சத்தத்தைக் கேட்பது அப்படி உதவவில்லை. தன் வாயிலிருந்து வர வேண்டும். பிரசவ நோவும் குளிர்நீரும் ஒன்றல்லதான். ஆனாலும் அனுங்கலுக்கு ஒரு வேலை இருக்கிறது என்பது விளங்குகிறது. தாழ்ந்த குரலில் நீளமாக அனுங்கும்போது மூச்சு நீளமாக வெளியே போகும், தோளும் தாடையும் தளரும். பயந்து கீச்சிட்டு அலறினால் மூச்சு மேலே மேலே வாங்கும், உடம்பு களைக்கும். அதனால்தான் நல்ல மிட்வைஃப் "சத்தம் போடாதே" என்று சொல்லமாட்டார். "சத்தத்தைக் கீழே இறக்கு மகள், மெதுவா மூச்ச விடு" என்பார். முன்னையது அவளை அடக்குகிறது. பின்னையது அவளுக்கு வழி காட்டுகிறது.

பக்கத்தில் ஓர் ஆள் இருப்பது பற்றிய சான்று இன்னும் வலுவானது. பல நாடுகளில் 15,000க்கும் மேற்பட்ட பெண்களை வைத்துச் செய்த 26 ஆய்வுகளை 2017இல் ஒன்றாகச் சேர்த்துப் பார்த்தார்கள். நோவு நேரம் முழுக்க ஒருவர் துணை இருந்தால் சுகப்பிரசவத்துக்கு வாய்ப்புக் கூடுகிறது, சிசேரியன் குறைகிறது, நோவு நேரமும் சற்றுக் குறைகிறது என்று கண்டார்கள். 2018இல் உலக சுகாதார நிறுவனம் தனது வழிகாட்டலில், பெண் விரும்பும் துணை, மரியாதையான கவனிப்பு, அவள் கேட்டால் வலி நிவாரணம் ஆகியவற்றைப் பரிந்துரைத்தது. உம்மாவின் கை பற்றி நம் மூத்தம்மாமாருக்குத் தெரிந்திருந்ததை ஆய்வுகள் இப்போது வந்து சொல்கின்றன.

*

இனி மார்க்கம். நாம் ஆலிம் அல்ல, ஓதிய அளவில் சொல்கிறோம்.

அல்குர்ஆனில் ஒரு பெண்ணின் பேறுகாலம் விவரமாகச் சொல்லப்படுவது ஸூரா மர்யமில்தான். ஊரை விட்டு ஒதுங்கிய மர்யம் அலைஹிஸ்ஸலாம் அவர்களை நோவு பேரீச்ச மரத்தடிக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கிறது. தாங்க முடியாமல் அவர்கள் சொன்னது என்ன? இதற்கு முன்பே மௌத்தாகி, அடியோடு மறக்கப்பட்டுப் போயிருக்கக் கூடாதா என்றார்கள். உலகத்துப் பெண்களில் தேர்ந்தெடுக்கப்பட்டவர் என்று அதே குர்ஆன் சொல்லும் பெண் வாய்விட்டுச் சொன்ன வார்த்தை அது.

அதற்கு என்ன பதில் வந்தது? ஏன் பொறுமையில்லை என்ற கேள்வி வரவில்லை. கவலைப்படாதீர் என்று ஒரு குரல் வந்தது. காலடியில் நீரோடை இருப்பதைக் காட்டியது. மரத்தை உலுக்கினால் பழம் விழும், உண்ணுங்கள், பருகுங்கள், கண் குளிர்ந்திருங்கள் என்று சொன்னது. ஆறுதல், தண்ணீர், உணவு. ஒரு லேபர் ரூமில் நடக்க வேண்டியது இந்த மூன்று ஆயத்துகளுக்குள் இருக்கிறது.

பிள்ளைப்பேற்றில் இறக்கும் பெண்ணை நபி (ஸல்) அவர்கள் ஷஹீதுகளோடு சேர்த்துச் சொன்னார்கள். மரணத்துக்கு இவ்வளவு பெரிய அந்தஸ்தைக் கொடுத்த மார்க்கம், அந்த நோவில் எழும் குரலையா குற்றமாக்கும்?

நம் ஓர்ஸ் ஹில்லில் இந்துச் சகோதரிகள்தான் அதிகம். அவர்களிடமும் ஒரு கதை இருக்கிறது. திருச்சிராப்பள்ளியில் ஒரு பெண்ணுக்கு நோவு வந்தது. காவிரியில் வெள்ளம். அவளது தாய் வந்து சேர முடியவில்லை. இறைவனே தாயின் உருவில் வந்து பேறு பார்த்தாராம். அதனால்தான் அங்கே அவருக்குத் தாயுமானவர் என்று பெயர். நம்பிக்கை வேறு. ஆனால் நோவு கண்டவளுக்குத் தாய் பக்கத்தில் வேண்டும் என்பதில் எவருக்கும் வேற்றுமை இல்லை. திருகோணமலையில் ஒரு பிரசவ விடுதியில் படுத்துக் கிடந்தால் மூன்று சத்தம் கேட்கும். உம்மா, அம்மா, அம்மே. கூப்பிடுவது ஒருவரைத்தான்.

*

சொல்ல வந்ததைச் சொல்லி முடிக்கிறோம்.

தாய்மாரே, மாமிமாரே, "ஒரு சத்தம் போடல்ல" என்று புகழ்வதை விடுங்கள். அந்தப் புகழ்ச்சி அடுத்த பிள்ளையின் வாயில் துணியாகப் போகிறது. "எப்படி மகள் இருந்தது?" என்று கேளுங்கள், அவளைச் சொல்ல விடுங்கள்.

கணவன்மாரே, கிளினிக் போகும்போது பெண் துணை ஒருவரை உள்ளே விடுவார்களா என்று முன்கூட்டியே கேளுங்கள். சில வைத்தியசாலைகளில் விடுகிறார்கள். வலி குறைக்க என்ன வசதி இருக்கிறது என்றும் கேளுங்கள். கேட்பதில் வெட்கமில்லை.

விடுதிகளில் வேலை செய்யும் சகோதரிகளே, உங்களில் பலர் எம்மிடம் படித்தவர்கள். ஓர் இரவில் எத்தனை கட்டில்களுக்கு ஓடுகிறீர்கள் என்பது தெரியும். உங்கள் களைப்பையும் அறிவோம். ஆனால் உங்கள் ஒரு சொல்லை ஒரு பெண் ஆயுள் முழுக்கச் சுமப்பாள். அது ஆறுதல் சொல்லாக இருக்கட்டும்.

அந்த மாணவியிடம் விடைபெறும்போது ஒன்று மட்டும் சொல்லிவிட்டு வந்தோம்: "அடுத்த முறை துணியக் கடிக்காத மகள். மர்யம் (அலை) கடிக்கல்ல." சிரித்தாள். பிறகு கொஞ்ச நேரம் அழுதாள். பிள்ளை விழித்துக்கொண்டு வீடே அதிரக் கத்தியது. பெரியம்மா ஓடி வந்து தூக்கிக்கொண்டு, "நல்ல சத்தம், மாஷா அல்லாஹ்" என்றார்.

நோவில் இருக்கும் எல்லாத் தாய்மாருக்கும் அல்லாஹ் இலேசாக்கி வைப்பானாக. ஆமீன்.