எந்தப் பிள்ளைக்கு?
பெரியவர்களின் விளையாட்டு பற்றிச் சில குறிப்புகள்

1

பாளையங்கோட்டையில் எனக்கொரு நண்பர். வயது நாற்பத்தெட்டு. எழுத்தர் வேலை. சங்க ஊர்வலங்களில் முன்வரிசையில் நின்று கோஷம் எடுத்துக் கொடுப்பவர். ஒருநாள் கூட்டம் முடிய நேரமாகி, ஊருக்குப் போகும் கடைசிப் பஸ்சைத் தவறவிட்டு அவர் வீட்டில் தங்க நேர்ந்தது. பத்தரை மணி இருக்கும். வீட்டில் எல்லோரும் தூங்கிய பிறகு பீரோவின் அடித்தட்டைத் திறந்து, துணி சுற்றி வைத்திருந்த ஒரு ரயிலை எடுத்துத் தரையில் வைத்தார். அட்டையும் தகரமும் கொண்டு அவரே செய்தது. திருநெல்வேலி - செங்கோட்டை மீட்டர்கேஜ் பாதையில் ஓடிய பழைய நீராவி வண்டியின் சிறுவடிவம். ஸ்டேஷன் மட்டும் பிளாஸ்டிக் கட்டைகளால் ஆனது, லெகோ வகை. தண்டவாளத்துக்குப் பக்கத்தில் ஒரு சிறிய தண்ணீர்த் தொட்டி. அரை மணி நேரம் இரண்டு பேரும் குப்புறப் படுத்துக்கொண்டு வண்டியைத் தள்ளி விளையாடினோம்.

திரும்பத் துணியில் சுற்றும்போது சொன்னார்: "தம்பி, சங்கத்துல யார்ட்டயும் சொல்லிராதப்பா. மானம் போயிரும்."

சக்கரங்களை அம்பாசமுத்திரத்தில் ஒரு கடைசல் பட்டறையில் சொல்லிச் செய்திருக்கிறார். கடைசல்காரர் அளவைக் கேட்டுவிட்டு, "எந்தப் பிள்ளைக்கு சார்?" என்றாராம். இவர் "தங்கச்சி மவனுக்கு" என்று சொல்லிவிட்டார். தங்கச்சி மகன் துபாயில் வேலை பார்க்கிறான்.

இந்தப் பொய் எதற்கு? பெரியவர் ஒருவர் குடித்தேன் என்று சொல்லலாம், சீட்டாடித் தோற்றேன் என்றுகூடச் சொல்லலாம். அதிலே ஒரு 'ஆண்மை' இருக்கிறது. பொம்மை ரயில் வைத்து விளையாடினேன் என்று சொல்ல முடியவில்லை. இந்த வெட்கத்துக்கு ஒரு வரலாறு இருந்தாக வேண்டும்.

2

தமிழில் இந்த வெட்கம் எப்போதும் இருந்ததில்லை. புறநானூற்றின் 52ஆம் பாட்டு மருதன் இளநாகனாருடையது. பாண்டிய மன்னன் ஒருவனின் பகைவர் நாடு எப்படிப் பாழாகும் என்று சொல்ல வருகிறார். எரிந்த வீடுகளை அடுக்கவில்லை, பிணக்குவியலைக் காட்டவில்லை. ஊர்ப் பொதியிலைக் காட்டுகிறார். தூணிலிருந்து கடவுள் போய்விட்டது, பலி நின்றுவிட்டது. நரைத்த கிழவர்கள் காய் வைத்து வைத்தே குழிந்துபோன சூதாடுகளத்தில் காட்டுக்கோழி முட்டையிட்டிருக்கிறது. அவ்வளவுதான் படிமம். விளையாடும் கிழவர்கள் இல்லாமல் போனதுதான் நாடு அழிந்ததற்குச் சாட்சி.

காய் வைத்துக் கல்லோ மரமோ குழிய வேண்டுமென்றால் எத்தனை தலைமுறை உட்கார்ந்திருக்க வேண்டும்! அதுவும் ஒளிந்தல்ல, ஊர் நடுவில். பொதியில் என்றால் பொது இடம். தாமிரபரணி பிறக்கிற மலைக்கும் அதே பெயர்தான் என்பதை நம்மூர்க்காரர்கள் யோசித்துப் பார்க்கலாம்.

வள்ளுவர் சூதுக்கு எதிராக ஓர் அதிகாரமே எழுதினார். ஆனால் கல்லாமையைப் பற்றிப் பேசும்போது, நூலறிவில்லாமல் சபையில் பேசுவதைக் கட்டம் வரையாமல் வட்டாடுவதற்கு ஒப்பிடுகிறார். ஆட்டத்துக்குக் களம் வேண்டும், விதி வேண்டும் என்பது கேட்பவர் எல்லோருக்கும் தெரிந்திருந்தால்தானே அந்த உவமை நிற்கும்? கீழடி அகழாய்வில் கிடைத்த பகடைகளும் ஆட்டக்காய்களும் இதையே வேறு மொழியில் சொல்கின்றன.

பொம்மை வண்டியும் பழசுதான். பட்டினப்பாலையில் மூன்று சக்கரச் சிறுதேர் வருகிறது. பெரும்பாணாற்றுப்படையில் தச்சர் செய்த தேரைப் பிள்ளைகள் உருட்டுகிறார்கள். பிறகு பிள்ளைத்தமிழ் இலக்கணம் சிறுதேரை ஆண்பாலின் கடைசிப் பருவமாக்கியது. தாமிரபரணிக் கரையின் ஸ்ரீவைகுண்டத்தில் பிறந்த குமரகுருபரர் 17ஆம் நூற்றாண்டில் முத்துக்குமாரசுவாமியைச் சிறுதேர் உருட்டச் சொல்லிப் பாடினார். பெண்பாலுக்கு அம்மானை, ஊசல் என்று வேறு பட்டியல். யார் எதை வைத்து விளையாடலாம் என்கிற பால் பிரிவினை இலக்கணமாகவே ஆகிவிட்டது. இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். வளர்ந்த கவிஞர் ஒருவர் சிறுதேர் மேல் கொள்ளும் ஆசையைச் சொல்ல இங்கே தெய்வக் குழந்தை ஒன்று குறுக்கே தேவைப்படுகிறது. 'தங்கச்சி மகன்' அங்கேயே வந்துவிட்டான்.

3

பெரியவர்கள் விளையாட நம் சமூகம் அனுமதிக்கிறது. ஆனால் ஒரு சாக்கு வேண்டும். வைகுண்ட ஏகாதசி ராத்திரி கண் விழிக்க வேண்டும், அதற்குப் பரமபதம் ஆடலாம். நவதிருப்பதிகள் இருக்கிற இந்த ஆற்றுப்படுகையில் தாத்தா பாட்டிகள் விடிய விடியத் தாயம் உருட்டி ஏணி ஏறி, பாம்பு கடித்து இறங்கினார்கள். அது விளையாட்டு என்று யாரும் சொல்லவில்லை, புண்ணியம் என்றார்கள். இதே வகை ஆட்டம் 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் இங்கிலாந்துக்குப் போய், பாவ புண்ணியப் பெயர்களைப் படிப்படியாக உதறி, பிள்ளைகளின் 'பாம்பும் ஏணியும்' ஆகித் திரும்பி வந்தது. பெரியவர் ஆட்டம் சின்னப்பிள்ளை ஆட்டமாக மாறிய பாதை இது.

இன்னொரு சாக்கு கொலு. 'மாடல் ரயில்' என்கிற பொழுதுபோக்கு ஐரோப்பியச் சரக்கு என்று நினைக்கிறோம். பிராங்க் ஹார்ன்பி 1901இல் மெக்கானோவுக்கு அடிப்படையான காப்புரிமையை வாங்கினார், 1920இல் அவர் கம்பெனியின் ரயில்கள் வந்தன, எல்லாம் சரி. ஆனால் நவராத்திரியில் கொலுப்படிக்குக் கீழே மணலில் பார்க் போட்டு, கண்ணாடித் துண்டைக் குளமாக்கி, வெந்தயம் முளைக்கவைத்து வயலாக்கி, நடுவே சாவி கொடுத்த ரயிலை ஓடவிட்டவர்கள் யார்? ஐம்பது வயது மாமாக்களும் அத்தைகளும்தான். வருஷத்தில் ஒன்பது நாள் அவர்களுக்கு வெட்கமில்லை. பத்தாம் நாள் ரயில் பெட்டிக்குள் போய்விடும்.

இதைக் கேட்டு 'ஆகா, நம் மரபு' என்று உருகத் தேவையில்லை. கொலு பெரும்பாலும் அக்கிரகாரத்திலும் வேளாளத் தெருக்களிலும் இருந்தது. சுண்டலுக்கு எந்த வீட்டுப் பிள்ளையை அழைப்பது என்பதைச் சாதி முடிவு செய்தது. ஆற்றங்கரைக் கல்மண்டபங்களின் தரையில் ஆட்டக் கட்டங்கள் செதுக்கியிருப்பதை நான் பல இடங்களில் பார்த்து ரசித்திருக்கிறேன். பிறகுதான் உறைத்தது: அந்தத் தரையில் உட்கார யாருக்கு உரிமை இருந்தது? சென்னை மாகாணத்தில் ஆலயப் பிரவேசச் சட்டங்கள் 1939இலும் 1947இலும்தான் வந்தன. அதுவரை தலித்துகளும் நாடார்களும் பெரிய கோயில்களுக்கு வெளியேதான். 'பொதியில்' என்ற சொல்லிலுள்ள பொது, எல்லோருக்குமான பொது அல்ல.

4

அம்பாசமுத்திரத்துக்கு வருகிறேன். அந்த ஊரின் மரச் சொப்புகளை அறியாத நெல்லை வீடு கிடையாது. மஞ்சள்கடம்பு போன்ற மரங்களைக் கடைசலில் கடைந்து, சுழலும்போதே அரக்குக் குச்சியை அழுத்தி நிறமேற்றிய அடுப்பு, குடம், உலக்கை, திருகை. பழம்பெருமை என்று பேசுவோம். ரொலாண் பார்த் 1957இல் வெளிவந்த தம் நூலில் பிரெஞ்சுப் பொம்மைகளைப் பற்றி எழுதும்போது, அவை பெரியவர்கள் உலகத்தின் சுருக்கம், பிள்ளையைப் படைப்பவனாக ஆக்காமல் வெறும் உடைமைக்காரனாக ஆக்குகின்றன என்றார். அந்தக் குற்றச்சாட்டு நம் சொப்புக்கும் அப்படியே பொருந்தும். நாலு வயதில் பெண்பிள்ளை கையில் அடுப்பைக் கொடுத்து அதை விளையாட்டு என்றோம். அவளுக்கு இருபது வயதானபோது அடுப்பு பெரிதாயிற்று, விளையாட்டு காணாமல் போயிற்று. பார்த் அதே கட்டுரையில் பிளாஸ்டிக்கைவிட மரத்தை உயர்த்திப் பேசுவார். மரம் நல்லதுதான், ஆனால் மரத்தில் செய்த சமையலறையும் சமையலறைதான். கட்டைகளை அடுக்கும் விளையாட்டை மட்டும் அவர் விதிவிலக்காகப் பார்த்தார்.

அந்தக் கட்டைகளின் கதை நமக்கு ரொம்பப் பக்கத்தில் இருக்கிறது. டென்மார்க்கில் பில்லுண்ட் என்ற சிற்றூரின் தச்சர் ஓலே கிர்க் கிறிஸ்டியான்சன், பொருளாதார மந்தத்தில் வேலையில்லாமல் 1932இல் மரப்பொம்மை செய்யத் தொடங்கினார். 1949இல் பிரிட்டனின் கிட்டிகிராஃப்ட் கட்டைகளை முன்மாதிரியாகக் கொண்டு அவர் கம்பெனி பிளாஸ்டிக் கட்டை செய்தது. 1958இல் ஒன்றோடொன்று இறுகப் பிடித்துக்கொள்ளும் அமைப்புக்குக் காப்புரிமை கேட்டது. 1960இல் மரப்பொம்மைக் கிடங்கு எரிந்ததும் மரத்தை விட்டேவிட்டார்கள். 1966இல் லெகோ ரயில் வந்தது. 2011இல் அதே கட்டைகளால் பூதமும் மாயக்கோட்டையும் வைத்து ஹீரோயிகா என்ற பலகை ஆட்டம். 2020 வாக்கில் பெட்டியின் மேலேயே '18+' என்று போட்டு, பெரியவர்களே வாங்க என்றார்கள்.

பில்லுண்டிலும் தச்சர், அம்பையிலும் தச்சர். ஒருவர் பன்னாட்டுக் கம்பெனியானார். இன்னொருவர் பட்டறையிலேயே இருக்கிறார். கைத்திறன் வித்தியாசம் என்று நான் நம்பவில்லை. அங்கே வார்ப்பு எந்திரம், மூலதனம், காப்புரிமைச் சட்டம் எல்லாம் வரிசையாகக் கைகொடுத்தன. இங்கே கைத்தொழிலுக்குக் குலத்தொழில் என்று ஒரு முத்திரை போதும். அதற்குள் கண்டுபிடிப்பு இருக்கலாம் என்ற எண்ணமே எழாது. வால்டர் பெஞ்சமின் 1928இல் பொம்மைகளைப் பற்றி எழுதியபோது, ஒரு காலத்தில் பொம்மை தச்சர், கொல்லர் பட்டறைகளில் உபரியாகப் பிறந்தது, தனித் தொழிலான பிறகே அந்நியமானது என்று காட்டினார். பெரியவர் விளையாடுவது குழந்தைமைக்குச் சரிந்துபோவது அல்ல, மிரட்டுகிற உலகத்தின் சிறுவடிவத்தைக் கையில் எடுத்து அதன் கொடுக்கைப் பிடுங்குவது என்றும் அவர் கருதினார். என் நண்பரை அந்த இடத்தில்தான் புரிந்துகொண்டேன். செங்கோட்டை - புனலூர் மீட்டர்கேஜ் 2010இல் நின்றது. 2018இல் அகலப்பாதையாகத் திறந்தார்கள். நல்ல காரியம்தான். ஆனால் இவர் பிள்ளைப்பருவத்தில் ஏறிய வண்டி எங்கே போயிற்று என்று எந்த அலுவலகத்தில் கேட்பது? அட்டையில் செய்துகொண்டார்.

5

இனி நம் தோழர்கள் கேட்கும் கேள்வி. 'சோத்துக்கே வழியில்லாதபோது விளையாட்டா?' நானும் பல காலம் இதைக் கேட்டவன்தான். கேள்வியைத் திருப்பிப் போட்டால் அரசியல் தெரியும்: விளையாட நேரமில்லாமல் செய்தது யார்?

எங்கள் ஆச்சியிடம் ஒரு ஜோடி பித்தளைத் தாயக்கட்டை இருந்தது. மத்தியானம் திண்ணையில் கரிக்கோட்டில் கட்டம் போட்டு, புளியங்கொட்டையை ஒரு பக்கம் தேய்த்துக் காயாக்கி, நாலு பொம்பளைகள் சண்டை போட்டுக்கொண்டே ஆடுவார்கள். 'தாயம் போட்டாத்தான் எறங்க முடியும்'னு ஆச்சி எதற்கெடுத்தாலும் சொல்லும். பிறகு அதே திண்ணையில் பீடிச் சுளகு வந்தது. மேலப்பாளையம், முக்கூடல், ஆலங்குளம் பக்கத்துத் தெருக்களில் மடியில் சுளகு இல்லாத பெண்ணைப் பார்ப்பது அரிதாயிற்று. பீடிக்குக் கூலி ஆயிரத்துக்கு இவ்வளவு என்று கணக்கு. நேரக்கூலியில் வேலை முடியும் மணி என்று ஒன்று உண்டு. எண்ணிக்கைக் கூலியில் கிடையாது. சும்மா இருந்த ஒவ்வொரு நிமிஷமும் தன் கையாலேயே தனக்குச் செய்த நஷ்டம். பீடித் தொழிலாளர்களுக்கான 1966ஆம் ஆண்டுச் சட்டம் வேலை நேரத்தைப் பற்றிப் பேசியது. ஆனால் வீட்டுத் திண்ணைக்குக் கடிகாரம் வைப்பது யார்? புளியங்கொட்டையைத் தேய்த்த விரல்கள் இலையைச் சுருட்டின. ஆச்சியின் தாயக்கட்டை என் அம்மா கைக்கு வந்தது. அம்மா ஆடி நான் பார்த்ததில்லை.

பால் லஃபார்க் 1880இல் சோம்பேறித்தனத்துக்கான உரிமை பற்றி எழுதினார். மார்க்சின் மருமகன். நம் கூட்டங்களில் மாமனாரைப் படிக்கிறோம், மருமகனை விட்டுவிடுகிறோம்.

நிலமும் மண்டபமும் இல்லாதவர்களிடம் ஓர் ஆட்டம் இருந்தது: ஆடுபுலி. மேய்ச்சலுக்குப் போன இடத்தில் பாறையில் கீறிய கோடு, பொறுக்கிய கல். செலவு கிடையாது, சாக்கு கிடையாது. மூன்று புலி, பதினைந்து ஆடு. சதுரங்கத்தில் இரண்டு பக்கமும் சமமான படை, எச்.ஜி. வெல்ஸ் 1913இல் பெரியவர்களுக்கும் சேர்த்து விதி எழுதிய பொம்மைச் சிப்பாய்ப் போரிலும் அப்படித்தான். ஆடுபுலியில் தொடக்கத்திலிருந்தே சமமில்லை. புலி தாண்டி ஆட்டை வெட்டலாம். ஆடு புலியை வெட்ட முடியாது. ஆட்டுக்கு ஒரே வழி, புலி நகர இடமில்லாமல் சூழ்ந்து நிற்பது. தனி ஆடு மாட்டும். பின்னால் துணை இருக்கிற ஆட்டைப் புலியால் தாண்ட முடியாது. இதை உருவாக்கியவர்களுக்கு ஒடுக்குமுறை பற்றி யாரும் வகுப்பெடுக்க வேண்டியிருந்திருக்காது. 1988இல் களக்காடு - முண்டந்துறை புலிகள் காப்பகமானது. அதற்குள் ஆடு மேய்ப்பவர் இன்று அத்துமீறியவர். பலகை மாறவில்லை, காய்கள்தான் மாறியிருக்கின்றன.

6

ஊர் நடுவே நரைத்தவர்கள் ஆடிய ஆட்டம் சாக்கு தேடியது. பிறகு சாதிக்குள் போனது, பெண்களின் திண்ணையிலிருந்து கூலியால் விரட்டப்பட்டது. இப்போது '18+' என்று ஒட்டிய பெட்டிக்குள், விலை கொடுக்க முடிந்தவருக்கு மட்டும் திரும்பக் கிடைக்கிறது. வாங்கினவரும் அதைப் பீரோவில் பூட்டி வைக்கிறார். என் நண்பர் அதில் பாதி வாங்கியது, பாதி தானே செய்தது. அந்தத் தானே செய்த பாதியில் எனக்கு நம்பிக்கை இருக்கிறது.

நம் கலை இரவுகளில் பறை இருக்கிறது, நாடகம் இருக்கிறது, புத்தகக் கடை இருக்கிறது. ஓரமாகத் தரையில் நாலு ஆடுபுலிக் கட்டம் வரைந்து வைத்தால் என்ன? பீடி சுற்றும் அக்காமார் வந்து உட்காரும்படி, யாரும் யாரையும் எந்தத் தெரு என்று கேட்காதபடி. போன வாரம் இதை நண்பரிடம் சொன்னேன். "நல்லாத்தான் இருக்கும்" என்றார். ரயிலையும் கொண்டுவாங்க அண்ணாச்சி என்றேன். சிரித்தார். பதில் சொல்லவில்லை.

இரண்டு பெட்டிக்கு இன்னும் சக்கரம் வேண்டுமாம். அடுத்த மாதம் அம்பைக்குப் போகிறார். நானும் கூடப் போவதாக இருக்கிறேன். கடைசல்காரர் மறுபடியும் கேட்பார். இவர் என்ன சொல்கிறார் என்று பார்க்க வேண்டும்.